பசியைச் சித்திரத்தில் சொல்கிறார்கள்!

சாப்பாட்டு விஷயத்தில் அடம் பிடிக்காத குழந்தை எந்த வீட்டில் இருக்கிறது? ஒன்றுக்குக் கத்தரிக்காய் ஆகாது. இன்னொன்று, பாலில் கொஞ்சம் ஆடை மிதந்தால் போதும், தம்ளரோடு தள்ளிவிடும். மூன்றாவது, சாதத்தில் குழம்பு படக்கூடாது, கூட்டில் ரசம் படக்கூடாது என்று தட்டைச் சுற்றி எல்லைக்கோடு போடும். நம் தாய்மார்கள் இதற்கெல்லாம் அசந்து போகிறவர்கள் அல்ல. நிலாவைக் காட்டி ஒரு வாய், காக்காய்க்கு ஒரு வாய், பூச்சாண்டியின் பேரைச் சொல்லி ஒரு வாய் என்று கிண்ணத்தைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். பத்து வயது ஆவதற்குள் அந்தக் குழந்தையே, "அம்மா, இன்னும் கொஞ்சம் ரசம் விடு" என்று கேட்கும் நாளும் வந்துவிடும்.

ஆனால், அந்த நாள் வராத வீடுகளும் இருக்கின்றன. அங்கே குழந்தை வளர்ந்து பெரியவளாகிறாள், கல்லூரிக்குப் போகிறாள், உத்தியோகம் பார்க்கிறாள். சாப்பாட்டு வேளை வந்தால் மட்டும் முகம் வெளுத்துவிடுகிறது. நாளுக்கு நாள் தட்டில் இருப்பது குறைகிறது, உடம்பும் குறைகிறது. "திமிர்" என்கிறார் பாட்டி. "பாஷன் பைத்தியம்" என்கிறார் மாமா. "மெலிய வேண்டும் என்ற ஆசையா?" என்று கேட்கிறார் டாக்டர். அந்தப் பெண்ணோ எதற்கும் பதில் சொல்வதில்லை. சொல்லக்கூடாது என்பதல்ல, எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

அப்படிச் சொல்லத் தெரியாமல் தவித்தவர்களில் சிலர் பென்சிலையும் தூரிகையையும் கையில் எடுத்திருக்கிறார்கள். வார்த்தையில் வராததைக் கோட்டிலும் வர்ணத்திலும் சொல்ல முயல்கிறார்கள். அவர்கள் ஆட்டிஸம் உள்ளவர்கள். அவர்களுடைய சித்திரங்களைப் பார்த்த பிறகு, "அடடா, இத்தனை நாள் நாம் வேறு எதையோ நினைத்துக்கொண்டல்லவா வைத்தியம் பார்த்தோம்!" என்று வைத்தியர்களும் யோசிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். இந்த விசித்திரமான, ஆனால் மிக அவசியமான விஷயத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பதினோரு குழந்தைகள்

ஆட்டிஸம் என்ற சொல் இப்போது நம் வீடுகளிலும் பழகிவிட்டது. இது ஒரு வியாதி அல்ல. பிறவியிலேயே மூளை வேறு விதமாக அமைந்திருப்பது. மற்றவர்களோடு பேசிப் பழகுவதில் ஒரு தனி விதம், ஒரே மாதிரியான ஒழுங்கில் பற்று, ஒலியும் ஒளியும் தொடுகையும் மற்றவர்களைவிட மிகக் கூர்மையாகவோ மிக மந்தமாகவோ படுவது - இவை அதன் அடையாளங்கள். சிலருக்குப் பேச்சே வராது. சிலர் பெரிய பட்டங்கள் பெற்று உத்தியோகத்தில் இருப்பார்கள்.

இதை முதன்முதலில் விரிவாக எழுதியவர்களில் ஒருவர், அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் வைத்தியசாலையில் பணியாற்றிய டாக்டர் லியோ கானர். 1943-ம் ஆண்டில் அவர் பதினோரு குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். எட்டுப் பையன்கள், மூன்று பெண்கள். கட்டுரையில் முதலாவதாக வரும் பையன், மிஸிஸிப்பி மாகாணத்தைச் சேர்ந்த டொனால்ட். இந்தப் பையன் பின்னாளில் பாங்கியில் வேலை பார்த்து, கோல்ப் விளையாடி, பல தேசங்களைச் சுற்றிப் பார்த்து, 89 வயது வரை வாழ்ந்து 2023-ம் ஆண்டில் காலமானார் என்பது கேட்கச் சந்தோஷமான சமாசாரம்.

அந்தக் கட்டுரையை இன்று படிக்கும்போது ஒரு விஷயம் கண்ணில் படாமல் போகாது. டொனால்டுக்குச் சாப்பாடு எப்போதுமே ஒரு பிரச்னையாக இருந்தது. மற்றக் குழந்தைகள் மிட்டாயும் ஐஸ்கிரீமும் தின்பதைப் பார்த்தாலும் அவனுக்கு நாக்கில் ஜலம் ஊறவில்லை என்று அவன் பெற்றோர் சொல்லியிருக்கிறார்கள். அவன் மட்டுமல்ல, பதினோரு பேரில் ஆறு பேருக்குப் பிறந்த நாளிலிருந்தே சாப்பாட்டுத் தொல்லை. ஒரு பெண் குழந்தைக்கு ஒரு வயது வரை குழாய் மூலமாகத்தான் ஆகாரம் செலுத்த வேண்டியிருந்தது.

கானர் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். வெளியுலகம் குழந்தைக்குள் முதலில் நுழைவது சாப்பாட்டின் உருவத்தில்தான். வெளியுலகத்தை வேண்டாம் என்று ஒதுக்கும் குழந்தை சாப்பாட்டையும் ஒதுக்குகிறது என்றார். அழகான விளக்கம்தான். ஆனால், வெளியே நின்று பார்த்தவர் சொன்ன விளக்கம் அது. உள்ளே இருந்தவர்கள் தங்கள் காரணத்தைத் தாங்களே சொல்வதற்கு இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

மாம்பழமும் பிஸ்கோத்தும்

உள்ளே இருப்பவர்கள் சொல்லும் காரணங்கள் என்ன?

முதலாவது, புலன்கள். வெண்டைக்காயின் வழவழப்பு நம்மில் பலருக்கும் பிடிக்காது. பிடிக்காவிட்டால் ஒதுக்கி வைத்துவிட்டு மேலே சாப்பிடுகிறோம். ஆட்டிஸம் உள்ள ஒருவருக்கு அந்த வழவழப்பு வெறும் பிடிக்காத விஷயமாக இல்லாமல், உடம்பே கூசிச் சுருங்கும் வேதனையாக இருக்கலாம். தாளிக்கும் வாசனை, பக்கத்தில் ஒருவர் மெல்லும் சத்தம், எவர்சில்வர் தட்டில் கரண்டி உராயும் ஓசை, தலைக்கு மேலே மின்விளக்கின் வெளிச்சம் எல்லாம் ஒரே சமயத்தில் அவர்கள் மேல் வந்து விழுகின்றன. அந்தக் கலவரத்தின் நடுவே, "ஏன் கொறித்துக்கொண்டிருக்கிறாய், சீக்கிரம் சாப்பிடு" என்று ஒரு குரலும் சேர்ந்துகொள்கிறது!

இரண்டாவது, ஒரே மாதிரியாக இருப்பதில் கிடைக்கும் நிம்மதி. மாம்பழத்தைப் பாருங்கள். நமக்கு அதைவிடச் சொர்க்கம் வேறில்லை. ஆனால், ஒரு பழம் தித்திக்கிறது, அடுத்தது புளிக்கிறது. ஒன்றில் நார், இன்னொன்று குழகுழவென்று இருக்கிறது. பொட்டலத்தில் வரும் பிஸ்கோத்து அப்படியல்ல. நேற்று எப்படியோ இன்றும் அப்படியே. ஓர் ஆச்சரியமும் இல்லை. ஆச்சரியத்துக்குப் பயப்படும் மனத்துக்கு அந்தப் பிஸ்கோத்து ஒரு புகலிடம். "நல்ல பழத்தை விட்டுவிட்டு இதைத் தின்கிறாயே" என்று நாம் கடிந்துகொள்ளும்போது, அந்தப் புகலிடத்தையும் பிடுங்கிக்கொள்கிறோம்.

மூன்றாவது காரணம் சற்று நூதனமானது. பசி என்பது வயிறு நமக்கு அனுப்பும் ஒரு சேதி. பெரும்பாலோருக்கு அந்தச் சேதி தவறாமல் வந்து சேர்ந்துவிடும். ஆட்டிஸம் உள்ள பலருக்கு அந்தத் தபால் தாமதமாகிறது. அல்லது விலாசம் மாறிப் போகிறது. தலை சுற்றும், கை நடுங்கும், கோபம் வரும், ஆனால், இது பசி என்று தெரியாது. சாப்பிட்ட பின் வயிறு நிறைந்த உணர்ச்சியோ தாங்க முடியாத அவஸ்தையாகப் படலாம். மனத்தில் எழும் உணர்ச்சிக்கும் இதே கதிதான். துக்கமா, பயமா, அலுப்பா என்று பெயர் சொல்லிப் பிரிக்க முடியாத இந்த நிலை ஆட்டிஸம் உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு உண்டு என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. நமது கட்டுரைக்கு இதுதான் மிக முக்கியமான விஷயம். தன் பசியையே அடையாளம் காண முடியாதவரிடம், "உனக்கு என்ன செய்கிறது, சொல்" என்று கேட்டால் என்ன பதில் வரும்?

நான்காவதாக, உள்ளே அடித்துக்கொண்டிருக்கும் அலைகளை அடக்கும் வழியாகவும் பட்டினி வந்து சேர்கிறது. சாப்பிடாமல் இருந்தால் உணர்ச்சிகள் மரத்துப்போகின்றன. எண்ணிக்கையும் விதிகளும் வாழ்க்கைக்கு ஓர் ஒழுங்கைக் கொடுக்கின்றன. பள்ளிக்கூடத்திலும் ஆபீஸிலும் நாள் முழுதும் மற்றவர்களைப் போல நடித்து நடித்துக் களைத்துப் போனவருக்கு, அந்த மரத்துப்போன அமைதி ஓய்வு போலத் தோன்றுகிறது. அபாயம் அங்கேதான் ஆரம்பமாகிறது.

தவறிப்போன கணக்கு

உணவுக் கோளாறுகளில் மிகப் பயங்கரமானது 'அனோரெக்ஸியா'. தன்னைத் தானே பட்டினி போட்டு உடம்பை உருக்கிக்கொள்ளும் நோய் இது. மனத்தைப் பிடிக்கும் நோய்களில் உயிரைப் பறிப்பதில் முன்னணியில் நிற்பவற்றில் இதுவும் ஒன்று. இதற்கும் ஆட்டிஸத்துக்கும் சம்பந்தம் இருக்கக்கூடுமோ என்று ஸ்வீடன் தேசத்து டாக்டர் கிறிஸ்டபர் கில்பெர்க் 1983-ம் ஆண்டிலேயே கேட்டார். கேள்வி கொஞ்ச காலம் அப்படியே கிடந்தது. காரணம், ஆட்டிஸம் என்றால் பையன்கள், அனோரெக்ஸியா என்றால் பெண்கள் என்று வைத்தியர்கள் மனத்தில் இரண்டு தனித்தனி அலமாரிகள் இருந்தன. இரண்டின் சாவியும் ஒருவரிடம் இல்லை.

பின்னால் வந்த ஆராய்ச்சிகள் அலமாரிகளைத் திறந்து பார்த்தன. அனோரெக்ஸியாவுக்காகச் சிகிச்சை பெறும் பெண்களில் ஐந்தில் ஒருவருக்காவது, ஒருவேளை மூன்றில் ஒருவருக்குக்கூட, ஆட்டிஸமோ அதன் அடையாளங்களோ இருக்கலாம் என்று தெரிய வந்தது. அவர்களில் பலருக்கு ஆட்டிஸம் இருப்பது இந்த நோய்க்காக ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகுதான் கண்டுபிடிக்கப்படுகிறது. 2013-ம் ஆண்டில் அமெரிக்க மனநோய் வைத்தியர்களின் கையேட்டில் 'ஆர்ஃபிட்' என்ற இன்னொரு கோளாறும் இடம்பெற்றது. மெலிய வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல், உணவின் தன்மை பிடிக்காததாலோ, விக்கிக்கொள்ளும் என்ற பயத்தாலோ, பசியே எடுக்காததாலோ சாப்பாடு சுருங்கிப் போவது இது. ஆட்டிஸம் உள்ளவர்களிடம் இது அதிகம்.

இனி அந்தப் பெண்ணின் நிலையை யோசித்துப் பாருங்கள். அவளுக்குச் சாப்பாட்டைத் தடுப்பது வாசனையும் சத்தமும் மாறுதலும். வைத்தியமோ, அவளுக்குத் தன் அழகைப் பற்றிய கவலை என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறது. எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து மனம் விட்டுப் பேச வேண்டும் என்கிறார்கள். பேச்சுத்தான் அவளுக்கு முடியாத காரியம். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்கிறார்கள். அந்தச் சாப்பாட்டு அறையின் இரைச்சல்தான் அவளுக்கு நரகம். தினம் ஒரு புதுப் பதார்த்தம் சாப்பிட்டால் குணமாகிறாள் என்று அர்த்தம். ஒரே பதார்த்தத்தைக் கேட்டால் நோய் பேசுகிறது என்று அர்த்தம். அவள் மௌனமாக இருந்தால், "ஒத்துழைக்கவில்லை" என்று காகிதத்தில் எழுதிவிடுகிறார்கள். அழகைப் பற்றிய கவலை ஆட்டிஸம் உள்ள யாருக்குமே இல்லை என்று சொல்லவில்லை. சிலருக்கு அதுவும் உண்டு. ஆனால், பூட்டு ஒன்றும் சாவி ஒன்றுமாக இருந்தால் கதவு எப்படித் திறக்கும்? உள்ளே இருப்பதோ ஓர் உயிர்.

அன்று வரைந்தவர் வேறு

சித்திரம் இந்த நோயின் சரித்திரத்தில் ஆதியிலிருந்தே இருக்கிறது. 'அனோரெக்ஸியா நெர்வோஸா' என்ற பெயரை வைத்தவர் லண்டனில் பெரும் புகழ் பெற்றிருந்த ஸர் வில்லியம் கல். விக்டோரியா மகாராணியின் வைத்தியர்களில் ஒருவர். 1874-ல் அச்சான அவருடைய கட்டுரையில், 'மிஸ் ஏ' என்று மட்டும் குறிப்பிடப்படும் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி வருகிறாள். அவளுடைய போட்டோக்களைப் பார்த்துச் செதுக்கிய மரச் செதுக்குப் படங்கள் கட்டுரையை அலங்கரிக்கின்றன. நோயில் எலும்பும் தோலுமாக ஒன்று. குணமான பின் கன்னம் நிறைந்து ஒன்று. பக்கத்திலேயே எடைக் கணக்கும் உண்டு.

அந்தக் கணக்கை இங்கே நாம் வேண்டுமென்றே விட்டுவிடுகிறோம். இதற்குக் காரணம் இருக்கிறது. உணவுக் கோளாறு உள்ளவர்கள் அந்த எண்ணைப் படித்தால், அதைப் போட்டியாக எடுத்துக்கொண்டு தங்களை இன்னும் வருத்திக்கொள்ளும் அபாயம் உண்டு. மெலிந்த உடம்பின் படமும் அப்படியே. ஆகையால், 'முன்பு - பின்பு' படங்களும் எடைக் கணக்கும் பத்திரிகைகளில் வேண்டாம் என்று இந்தத் துறையில் உள்ளவர்கள் இப்போது கேட்டுக்கொள்கிறார்கள்.

ஆனால், கவனிக்க வேண்டியது இன்னொன்று. 'மிஸ் ஏ'யின் படம் நம்மிடம் இருக்கிறது. அவள் சொன்ன வார்த்தை ஒன்றுகூட நினைவில் நிற்கும்படி நம்மிடம் இல்லை. அவள் எப்படித் தெரிந்தாள் என்பதை ஒரு செதுக்குக்காரர் காட்டினார். அவளுக்கு உலகம் எப்படித் தெரிந்தது என்பதை யாரும் கேட்கவில்லை. அவள் கையில் ஒரு பென்சிலைக் கொடுத்திருந்தால் என்ன வரைந்திருப்பாள்? தன் உடம்பை வரைந்திருக்கவே மாட்டாளோ, என்னவோ!

கையில் பென்சில் வந்தபோது

நோயாளியின் கையில் தூரிகையைக் கொடுக்கும் எண்ணம் இங்கிலாந்தில் வேர் விட்டது ஒரு க்ஷயரோக ஆஸ்பத்திரியில். ஏட்ரியன் ஹில் என்ற ஓவியர், 1938-ல் க்ஷயரோகத்தால் படுத்திருந்தபோது பொழுது போகாமல் கட்டிலில் இருந்தபடியே வரையத் தொடங்கினார். அது தமக்குச் செய்த நன்மையைக் கண்டு மற்ற நோயாளிகளையும் வரையச் செய்தார். 1942-ல் அவர்தான் இதற்குக் 'கலைச் சிகிச்சை' என்று பெயர் வைத்தார்.

சிகிச்சை ஒரு பக்கம் இருக்க, சித்திரத்தைச் சாட்சியமாக உபயோகிக்கும் வழியும் பிற்பாடு உருவாயிற்று. 1990-களில் சீனாவின் யுன்னான் மாகாணத்தில் காரோலின் வாங், மேரி ஆன் பர்ரிஸ் என்ற இரு ஆராய்ச்சிப் பெண்மணிகள் 62 கிராமத்துப் பெண்களின் கையில் காமிராவைக் கொடுத்தார்கள். அவர்களில் பலருக்கு எழுத்து வாசனை அதிகம் கிடையாது. ஆனால், வயல் வேலையையும், குழந்தையை விட்டுச் செல்ல இடமில்லாத கஷ்டத்தையும் படமாக எடுத்து அதிகாரிகள் முன்னே வைத்தபோது, மனுவில் எழுதினால் புரியாதது அவர்களுக்குப் புரிந்தது. இந்த முறை பிறகு உலகமெங்கும் பரவியது.

தென்னாப்பிரிக்காவில், கேப்டவுன் நகரத்தை ஒட்டிய கயேலிட்ஷாவில், 2002-ம் ஆண்டில் ஜேன் ஸாலமன் என்ற கலைஞர் எய்ட்ஸ் கிருமியோடு வாழும் பெண்களைக் கொண்டு 'உடல் வரைபடம்' தீட்டச் செய்தார். பெரிய காகிதத்தின் மேல் ஒருவர் படுத்துக்கொள்ள, மற்றவர் உடம்பின் ஓரத்தைச் சுற்றிக் கோடு இழுப்பார். பிறகு அந்த வெற்று உருவத்துக்குள்ளே எங்கே வலி, எங்கே பயம், எங்கே பலம் என்று அவரவர் வர்ணம் தீட்டிக்கொள்ள வேண்டியது.

வயிறு அனுப்பும் சேதியைப் படிக்க முடியாதவருக்கு இந்த வழி எவ்வளவு பொருத்தம் என்று யோசியுங்கள். "உன் உணர்ச்சி என்ன?" என்ற கேள்விக்குப் பெயர் தெரிய வேண்டும். "அந்த உணர்ச்சி எந்த நிறம்? எந்த இடம்? முள்ளா, பஞ்சா?" என்ற கேள்விக்குப் பெயர் தேவையில்லை. சாப்பாட்டு மேஜையை வரையச் சொன்னால் ஒருவர் தட்டைச் சிறு புள்ளியாகப் போட்டுவிட்டு, சுற்றியிருக்கும் வாய்களையும் கண்களையும் மலை போல வரையலாம். அதைப் பார்க்கும் தாய்க்கு, மகளுக்கு விரோதி சாதம் அல்ல, சாப்பாட்டுக் கூடம் என்று ஒரு நொடியில் விளங்கிவிடும். இன்னொருவர் தொண்டையில் ஒரு பூட்டை வரையலாம். வேறொருவர் காகிதம் முழுதும் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, ஒரே ஒரு கட்டத்துக்கு மட்டும் வர்ணம் அடிக்கலாம். அந்த ஒரு கட்டந்தான் அவரால் பயமில்லாமல் சாப்பிட முடிகிற பதார்த்தம்!

சித்திரத்துக்கு வேறு ஒரு சௌகரியமும் உண்டு. எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டிய அவசியமில்லை. இருவரும் காகிதத்தைப் பார்த்தால் போதும். உடனே பதில் சொல்ல வேண்டும் என்ற அவசரமும் இல்லை. இன்று பாதி வரையலாம், நாளை மீதி.

புத்தகமாக வந்த கதைகள்

சித்திரக் கதை என்றால் சிறுவர்களுக்கு என்று நினைக்கிறோம். இங்கிலாந்தின் கேட்டி கிரீன் 2013-ல் வெளியிட்ட 'லைட்டர் தேன் மை ஷாடோ' என்ற நூல் 500 பக்கங்களுக்கு மேல் கையால் வரைந்த சுயசரிதை. உணவுக் கோளாற்றில் தாம் சிக்கி மீண்ட கதையைச் சொல்கிறார். நோய்க்கு அவர் கொடுத்திருக்கும் உருவம் ஒரு கிறுக்கல். தலைக்கு மேலே கறுப்பு நூல்கண்டு போலச் சிறியதாகத் தொடங்கி, பக்கத்துக்குப் பக்கம் பெரிதாகி, கடைசியில் பக்கத்தையே விழுங்கப் பார்க்கிறது. இந்தக் கிறுக்கல் சொல்வதை ஓர் அத்தியாயம் முழுக்க எழுதினாலும் சொல்ல முடியாது. ஆட்டிஸத்தைப் பற்றி எழுந்த நூல் அல்ல இது. ஆனால், உணவுக் கோளாற்றைச் சித்திரத்தில் சொல்ல முடியும் என்று நிரூபித்த நூல்.

ஆட்டிஸத்தின் பக்கத்திலிருந்து பிரான்ஸில் 2016-ல் ஒரு சித்திர நூல் வந்தது. அதன் பெயருக்குக் 'கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம்' என்று பொருள். கதை ஜூலி டாஷே என்பவருடையது. தமக்கு ஆட்டிஸம் இருப்பது அவருக்குத் தெரிய வந்தபோது வயது 27. சித்திரம் மத்மஸல் கரோலின் என்ற பெயரில் வரையும் பெண்மணி. கதாநாயகியின் உலகம் ஆரம்பத்தில் சாம்பல் நிறம்; அவளைத் தாக்கும் ஓசைகள் மட்டும் சிவப்பு. தான் யார் என்று அவளுக்குத் தெரிந்த பிறகு, பக்கங்களில் மெல்ல மெல்ல வர்ணங்கள் வருகின்றன.

லண்டனில் ஸாரா பார்கியெலா என்ற மனோதத்துவ நிபுணர், வயது வந்த பிறகு ஆட்டிஸம் என்று தெரிய வந்த 14 பெண்களைப் பேட்டி கண்டு, சகாக்களுடன் 2016-ல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். சகாக்களில் ஒருவரான ராபின் ஸ்டூவர்ட் தாமே ஆட்டிஸம் உள்ளவர். ஆராய்ச்சிக் கட்டுரையை எத்தனை பேர் படிப்பார்கள்? 2019-ல் ஸோபி ஸ்டாண்டிங்கின் சித்திரங்களோடு 'காமோப்ளாஜ்' என்ற சிறு நூலாகப் பார்கியெலா அதை எல்லோரும் படிக்கும்படி கொண்டுவந்தார். மற்றவர்களைப் போல நடிப்பதில் பெண்கள் எவ்வளவு களைத்துப் போகிறார்கள் என்பது அதில் பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது.

ஆஸ்பத்திரி கேட்டுக்கொண்டது

சொன்னார்கள், சரி. யாராவது கேட்டார்களா?

கேட்டார்கள். தெற்கு லண்டனில் மாட்ஸ்லி, பெத்லம் ஆஸ்பத்திரிகளை நடத்தும் அமைப்பில், உணவுக் கோளாறுப் பிரிவில் பேராசிரியை கேட் சான்டூரியாவும் அவருடைய குழுவினரும் ஆட்டிஸம் உள்ள நோயாளிகளுக்கென்று ஒரு தனி வழிமுறையை உருவாக்கினார்கள். அதற்குப் 'பீஸ்' என்று பெயர். நம் பாஷையில் அமைதி! நோயாளிகளையும் பெற்றோரையும் கேட்டே மாறுதல்களைச் செய்தார்கள். வார்டின் சுவர்களுக்குக் கண்ணை உறுத்தாத வர்ணம் பூசினார்கள். கையில் வைத்துப் பிசையவும் தொடவும் மனத்தை அமைதிப்படுத்தவும் உதவும் பொருள்கள் அடங்கிய பெட்டிகளை வைத்தார்கள். காரமும் மணமும் குறைந்த, தினமும் ஒரே மாதிரி இருக்கும் எளிய உணவுப் பட்டியல் ஒன்றையும் சேர்த்தார்கள். "எனக்கு இது ஒத்துக்கொள்ளும், இது ஒத்துக்கொள்ளாது, என்னிடம் இப்படிப் பேசுங்கள்" என்று நோயாளி ஒரு முறை எழுதி வைத்தால், ஒவ்வொரு நர்ஸிடமும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டாத 'பாஸ்போர்ட்' ஒன்றும் உண்டு.

இவற்றில் எதுவும் கோடி ரூபாய்க் காரியம் அல்ல. ஆனால், ஆட்டிஸம் உள்ள நோயாளிகள் ஆஸ்பத்திரியில் தங்க வேண்டியிருந்த நாட்கள் குறைந்தன என்றும், அதனால் செலவும் மிச்சமாயிற்று என்றும் அந்தக் குழு எழுதியிருக்கிறது. 2021-ல் சான்டூரியா இந்த அனுபவங்களைத் தொகுத்து ஒரு நூலாகவும் வெளியிட்டார்.

வடக்கே ஸ்காட்லாந்தில், எடின்பரோ பல்கலைக்கழகத்தின் தலைமையில் ஆட்டிஸத்தையும் உணவுக் கோளாறுகளையும் சேர்த்து ஆராய்வதற்கென்றே ஒரு கூட்டமைப்பு 2020-களில் ஏற்பட்டிருக்கிறது. அதில் விசேஷம் என்னவென்றால், அனுபவப்பட்டவர்கள் அங்கே பரிசோதனைப் பொருளாக இல்லை. எதை ஆராய்வது என்று தீர்மானிக்கும் மேஜையிலேயே அவர்களுக்கு நாற்காலி போட்டிருக்கிறார்கள்.

சில எச்சரிக்கைகள்

இதைப் படித்துவிட்டு, வர்ணப் பெட்டி வாங்கிக் கொடுத்தால் நோய் ஓடிவிடும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. சித்திரம் மருந்தல்ல, கடிதம். கடிதத்தைப் படிக்க ஒருவர் வேண்டும். படித்த பின் காரியம் செய்ய ஒருவர் வேண்டும். உடம்பு மளமளவென்று இளைத்தாலும், மயக்கம் வந்தாலும், பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோனாலும், சாப்பிடும் பதார்த்தங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்தாலும் தாமதிக்காமல் வைத்தியரிடம் போக வேண்டும்.

ஆட்டிஸம் உள்ளவர்கள் எல்லோரும் மேதைகளான ஓவியர்கள் என்ற எண்ணமும் சரியல்ல. லண்டனில் ஸ்டீவன் வில்ட்ஷயர் என்ற ஓவியர், ஒரு நகரத்தை ஒரு தடவை ஆகாயத்திலிருந்து பார்த்துவிட்டு ஞாபகத்திலிருந்தே வரைந்துவிடுவார் என்று உலகம் வியக்கிறது. அது அவருடைய வரப்பிரசாதம். சாப்பாட்டு மேஜையைக் கோணல் மாணலாக வரையும் பெண்ணின் படத்துக்குக் கண்காட்சியில் பரிசு கிடைக்க வேண்டியதில்லை. அவள் வீட்டார் அதைப் புரிந்துகொண்டால் போதும். வரையப் பிடிக்காதவர்களும் உண்டு. அவர்கள் போட்டோ எடுக்கலாம், களிமண்ணில் பிசையலாம், துணியில் தைக்கலாம், வெறுமனே பட்டியல் எழுதலாம். அது அவரவர் இஷ்டம். வரைந்ததைப் பிறருக்குக் காட்டுவதா வேண்டாமா என்பதும் அவரவர் இஷ்டந்தான்.

நம் வீட்டில்

வாசகிகளில் சிலருக்கு இந்த விஷயம் தூர தேசத்துக் கதையாக இல்லாமல், அடுத்த அறைக் கதையாகவே இருக்கலாம். அவர்களுக்காக இரண்டொரு வார்த்தை.

குழந்தையோ பெரியவரோ ஒரு பதார்த்தத்தை ஒதுக்கினால், "ஏன் பிடிக்கவில்லை?" என்று கேட்பதைவிட, "மணமா, ருசியா, வாயில் படும் விதமா, சத்தமா?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராவிட்டால் ஒரு காகிதத்தைப் பக்கத்தில் வையுங்கள், பக்கத்தில் உட்காருங்கள், பேச வேண்டாம். வரைந்ததைப் பார்த்து, "இது என்ன?" என்று அவசரப்பட்டுக் கேட்காதீர்கள், "எனக்கு இதைப் பற்றிச் சொல்கிறாயா?" என்று கேளுங்கள். சொன்னால் கேளுங்கள், சொல்லாவிட்டால் காத்திருங்கள்.

சமையலறையிலும் சில சலுகைகள் செய்யலாம். கூட்டும் குழம்பும் கலக்காதபடி தடுப்புத் தட்டில் போடுவதால் குடி முழுகிப் போகாது. கல்யாணப் பந்தியில் அவள் உட்கார மாட்டேன் என்றால் தனியாக ஓர் அறையில் இலை போட்டுக் கொடுக்கலாம். பாத்திரம் உருளும் சத்தமும் ரேடியோவும் டெலிவிஷனும் சாப்பாட்டு நேரத்தில் சற்று ஓய்வெடுக்கட்டும். முக்கியமாக, உறவினர்கள் வாசற்படி ஏறும்போதே, "என்ன இப்படி இளைத்துவிட்டாய்!" என்றோ, "இப்போதுதான் கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறாய்!" என்றோ சொல்லும் உபசாரத்தை நிறுத்திக்கொள்ளலாம். நமக்கு அது அன்பு. கேட்கும் அந்தப் பெண்ணுக்கு அது ஒரு வாரத்துச் சாப்பாட்டை நிறுத்தும் ஆக்ஞையாக முடியலாம்.

அவளுக்குப் பிடித்த அந்த ஒரே பிஸ்கோத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். அதைப் பிடுங்கிவிட்டு மாம்பழத்தைக் கையில் திணிக்காதீர்கள். பிஸ்கோத்து தட்டில் இருக்கட்டும். மாம்பழத்தில் ஒரு சிறு துண்டைத் தொலைவில் வையுங்கள். இன்று அவள் அதைப் பார்க்கட்டும்; இன்னொரு நாள் தொடட்டும்; வேறொரு நாள் வரைந்துகூடப் பார்க்கட்டும். சாப்பிடுகிற நாள் எப்போது வரும் என்பதை அவள் தீர்மானிக்கட்டும்.